கேமராவைப் பற்றி அப்புறம் கேட்கலாம், முதலில் மைக்கைப் பற்றிக் கேளுங்கள்

கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் வேலை. நான் எந்தக் கல்யாணத்துக்கும் நேரில் போவதில்லை. எல்லாம் எடுத்து முடித்தபின் ஹார்டு டிஸ்க் என் கைக்கு வரும். முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் மணப்பெண்ணின் சித்தி, யார் மாப்பிள்ளையின் உயிர் நண்பன், எந்தப் பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அந்த டிஸ்க்கில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்றால் முதலில் தெரியவருவதும் எனக்குத்தான்.

கல்யாணம் நிச்சயமான தோழிகளும் உறவுக்காரப் பெண்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "வீடியோகிராபரை புக் பண்றதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?" கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். எந்தக் கேமரா, 4கே உண்டா, ட்ரோன் வருமா, டீசர் எத்தனை நிமிடம். கேட்கக் கூடாதவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு ஓரளவு நல்ல கேமரா எதுவாக இருந்தாலும் படம் தெளிவாகத்தான் வருகிறது. என் மேசைக்கு வந்து என்னை வருத்தப்பட வைத்த வீடியோக்களில் பெரும்பாலானவற்றில் படத்துக்கு ஒரு குறையும் இருக்காது. கெட்டுப்போயிருப்பது குரல்தான்.

ஒரு ஃபுட்டேஜ் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மணப்பெண்ணின் அப்பா பேச எழுந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரிக்கிறார், கொஞ்ச நேரம் பார்க்கிறார், திரும்ப மடித்து வைத்துவிடுகிறார். பிறகு மகளைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார். படம் அருமை. முகத்தில் நல்ல வெளிச்சம், பின்னால் எல்லாம் மென்மையாக மங்கியிருக்கிறது, கை நடுங்குவதுகூடத் தெரிகிறது. ஆனால் கேமரா மண்டபத்தின் அடுத்த கோடியில் இருக்கிறது. மைக் என்று இருந்தது அந்தக் கேமராவின் தலையில் மாட்டிய ஒன்றுதான். அதில் பதிவாகியிருந்தது பக்கத்து வரிசையில் இரண்டு பேர் கார் சாவியைத் தேடும் பேச்சு, நாற்காலி இழுபடும் சத்தம், அதற்கும் பின்னால் ஸ்பீக்கரிலிருந்து எதிரொலிக்கும் ஒரு முழக்கம். அந்த முழக்கம்தான் அப்பா. "அக்கா, அப்பா பேசினது வேற ஏதாவது கேமராவுல இருக்குமா?" என்று அந்தப் பெண் போனில் கேட்டபோது, இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது குரலைப் பிரித்தெடுக்கும் சாஃப்ட்வேர்கள் நிறைய இருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். ஃபேன் இரைச்சலையும் ஏசி ரீங்காரத்தையும் நன்றாகவே குறைக்கும். ஆனால் எதிரொலியில் கரைந்துபோன சொற்களைத் திருப்பிக் கொடுக்க எதனாலும் முடியாது. கட்டாயப்படுத்திப் பிரித்தால் மனிதக் குரல் இயந்திரம் பேசுவதுபோல ஆகிவிடும். சொந்த அப்பாவின் குரலை அப்படிக் கேட்க எந்த மகளுக்கும் பிடிக்காது.

அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "மேடையில் பேசுறதை எப்படி ரெக்கார்ட் பண்ணுவீங்க?"

"கேமராவிலேயே மைக் இருக்கு" என்பது மட்டும்தான் பதில் என்றால் யோசியுங்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்குக் குரல் வந்து சேரும்போது உதடு அசைந்து நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் மேல் கடந்திருக்கும். வீடியோ கணக்கில் இரண்டு ஃப்ரேம், அதாவது அடுத்தடுத்து வரும் இரண்டு படம். அந்தத் தாமதத்தை நான் சரிசெய்துவிடுவேன், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த 30 மீட்டருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் பேச்சும் இருமலும் குழந்தைகளின் அழுகையும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அவற்றை நீக்க வழி இல்லை.

நல்ல பதில் எப்படி இருக்கும் என்றால், ஒரே குரலை அவர் இரண்டு மூன்று வழிகளில் பிடிப்பார். மணமக்களில் ஒருவர் சட்டையிலோ உடையிலோ காலர் மைக். மைக் செட்காரர் எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் மிக்சர் பெட்டியிலிருந்து நேராக ஒரு லைன். இரண்டுக்கும் துணையாகக் கேமராவின் மேல் ஒரு மைக். இவ்வளவும் தேவையா என்று கேட்பீர்கள். தேவை. காலர் மைக் துணியில் உரசினால் கரகரப்பு வரும். வயர்லெஸ்ஸில் பல மைக்குகள் வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகின்றன. மண்டபம் நிறைய போன்கள் இருக்கும்போது நடுநடுவே அறுந்துபோக வாய்ப்பு உண்டு. அதனால்தான் சட்டையில் மாட்டும் பெட்டிக்குள்ளேயே தனியாக ரெக்கார்ட் ஆகும் மைக்குகள் வந்திருக்கின்றன. "உங்க மைக் உள்ளேயே ரெக்கார்ட் ஆகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். இதில் அக்கறை உள்ளவர் உடனே உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மிக்சர் லைனில் வரும் ஆபத்து வேறு மாதிரி. யாராவது "சத்தம் பத்தல" என்று சொல்வார்கள், மைக் செட்காரர் சட்டென்று ஏற்றுவார், பதிவு உச்சத்தில் முட்டிக்கொள்ளும். திரையில் பார்த்தால் ஒலி அலைகளின் தலைகள் எல்லாம் கத்தரித்ததுபோல் தட்டையாக இருக்கும். கேட்டால் உடைந்த ஸ்பீக்கர் மாதிரி இருக்கும். சாதாரணப் பதிவில் இப்படி வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். 32 பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதியும் ரெக்கார்டராக இருந்தால் அளவு மீறிய ஒலியையும் பின்னால் இறக்கி மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் மிக்சரிலேயே உடைந்து வெளியே வந்திருந்தால் அதுவும் உதவாது. ஆகவே வீடியோகிராபரும் மைக் செட்காரரும் முன்கூட்டியே ஒருமுறை பேசிக்கொள்வார்களா, கேபிளை யார் கொண்டுவருவார் என்று கேட்டுவிடுங்கள். இருவரையும் போனில் இணைத்துவிட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எந்த வீட்டிலும் யாரும் ஒதுக்குவதில்லை என்பது என் ஆதங்கம்.

குரலோடு சேர்ந்த இன்னொரு விஷயம் ஸ்லோ மோஷன். எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். நொடிக்கு 100 அல்லது 120 ஃப்ரேமில் எடுத்ததை 25 ஃப்ரேமில் ஓடவிட்டால் நான்கைந்து மடங்கு மெதுவாகும், பூ இதழ்கள் மிதந்து விழும். ஆனால் பல கேமராக்களில் ஸ்லோ மோஷனுக்கான தனி மோடில் எடுத்தால் ஒலி பதிவாகவே ஆகாது. இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் அந்த ஒரு நிமிடத்தை எல்லாக் கேமராவிலும் ஸ்லோ மோஷனில் எடுத்து அனுப்பியவர்கள் உண்டு. ஒரு சத்தமும் இல்லை. கூட்டத்தின் ஆரவாரம், மணப்பெண் சிரித்த சிரிப்பு, எதுவுமே இல்லாமல் பாட்டை மட்டும் போட்டு மூடவேண்டிவந்தது. "முக்கியமான நேரத்துல குறைஞ்சது ஒரு கேமரா சாதாரண வேகத்துல, சத்தத்தோட, நிறுத்தாம ஓடணும்" என்று முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். ட்ரைபாடில் வைத்த அந்தச் சாதாரணக் கேமராதான் என் வேலையில் முதுகெலும்பு.

நிறுத்தாமல் ஓடணும் என்று சொன்னேன். பழைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடமும் அதற்கு மேலும் பதியக்கூடியவற்றை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் இறக்குமதி வரி போட்டதால் வந்த வரம்பு அது. புதியவற்றில் பெரும்பாலும் இல்லை. ஆனால் வெயிலில் சூடேறி நின்றுவிடும் கேமராக்கள் இன்றும் உண்டு. நீண்ட சடங்கு என்றால் அந்தக் கேமராவின் பக்கத்தில் ஆள் நிற்பாரா என்று கேளுங்கள்.

அடுத்தது சாம்பிள் பார்ப்பது. எல்லோரும் மூன்று நிமிட ஹைலைட்டைத்தான் அனுப்புவார்கள். ஒரு முழு நாளில் மிக அழகான மூன்று நிமிடம் எல்லோரிடமும் இருக்கும். அதிலும் பின்னணியில் பாட்டு ஓடுவதால் குரல் எப்படி இருக்கிறது என்று தெரியவே தெரியாது. ஒரு முழுக் கல்யாண வீடியோவைக் கேளுங்கள். உங்கள் மண்டபத்தைப் போன்ற வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அது கிடைத்ததும் பேச்சு வரும் இடத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா? புரிந்தால் அவரோடு மேற்கொண்டு பேசலாம்.

அந்த வீடியோவை எடுத்தவரே உங்கள் கல்யாணத்துக்கும் வருவாரா என்பதையும் கேட்க வேண்டும். சீசனில் ஒரே நாளில் பல இடங்களுக்கு ஒப்புக்கொண்டு வேறு ஆட்களை அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம். அனுப்பப்படுபவர் திறமையானவராகவும் இருக்கலாம். யார் வருகிறார், அவர் எடுத்த வேலை எது என்று முன்பே தெரிந்துகொண்டால் போதும். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மாற்று யார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஃபோட்டோ எடுப்பவர் வேறு குழு என்றால் இருவருக்கும் அறிமுகம் உண்டா என்றும் விசாரியுங்கள். மோதிரம் மாற்றும் நொடியில் ஃபோட்டோகிராபரின் முதுகு மட்டும் தெரியும் காட்சிகள் என்னிடம் எத்தனையோ இருக்கின்றன.

இனி மெமரி கார்டு. இதைக் கேட்க மறந்தால் மற்ற எல்லாம் வீண். "உங்க கேமராவுல ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல பதியுமா?" இரண்டு ஸ்லாட் இருந்தும் ஒன்று நிறைந்தபின் அடுத்தது என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது இடத்தை மிச்சப்படுத்தும், பாதுகாப்பு தராது. மெமரி கார்டு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செத்துப்போகும் பொருள்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். மூன்று கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. இவ்வளவையும் அன்றிரவே இரண்டு தனி டிஸ்க்குகளில் ஏற்றி, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைப்பவர்தான் பொறுப்பானவர். ஒரே பையில் இரண்டு டிஸ்க்கும் இருந்தால், பை தொலைந்தால் இரண்டும் தொலையும். கார்டுகளை எப்போது அழிப்பார், ஃபுட்டேஜை எத்தனை மாதம் வைத்திருப்பார் என்று கேளுங்கள். நாள் கணக்கு சொல்லாமல் "அதெல்லாம் பத்திரமா இருக்கும்" என்று மட்டும் சொன்னால் திரும்பக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், இது உங்கள் பொருள்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்இடி அலங்கார விளக்குகளும் எல்இடி திரைகளும் கேமராவில் சில சமயம் துடிக்கும், படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் ஷட்டரை 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு நொடியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 60-இல் ஒரு பங்கு. இதை நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "முதல் நாள் விளக்கெல்லாம் போட்டதும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்ப்பீங்களா?" என்று கேட்டால் போதும். ட்ரோனைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இடத்துக்கு இடம் அனுமதி விதிகள் வேறு, பல நாடுகளில் 250 கிராமுக்கு மேல் எடை என்றாலே பதிவு அது இது என்று கூடுதல் வேலை. சடங்கு நடக்கும்போது மட்டும் மேலே பறக்க விடாதீர்கள். அந்த விசிறிச் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறும்.

நேரலை வேண்டும் என்றால் தனியாகப் பேசுங்கள். 1080பி தரத்தில் தடங்கலில்லாமல் போக அப்லோட் வேகம் நொடிக்கு 5 முதல் 10 மெகாபிட்டாவது நிலையாக வேண்டும். காலியான மண்டபத்தில் போன் டேட்டா பறக்கும். கூட்டம் நிறைந்ததும் அதே டேட்டா நகராது. கம்பி வழி இணைப்பு உண்டா, இல்லையென்றால் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். யூடியூபில் ஒரு சேனலில் முதன்முறையாக நேரலையைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கல்யாணத்தன்று காலையில் சேனல் தொடங்கினால் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எடிட்டிங் பக்கம் வருகிறேன், இது என் பக்கம். என்னென்ன கிடைக்கும் என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: டீசர், ஹைலைட், முழு வீடியோ, ஒவ்வொன்றும் ஏறக்குறைய எவ்வளவு நேரம், எப்போது வரும், எத்தனை முறை திருத்தம் செய்து தருவார். திருத்தம் சொல்லும்போது நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். "நடுவுல ஒரு இடத்துல அத்தை வரல" என்றால் எனக்குத் தெரியாது. "12 நிமிடம் 40 நொடியில்" என்றால் அடுத்த நிமிடமே போய்ப் பார்த்துவிடுவேன். பேச்சுகள் முழு நீளத்தில் தனி ஃபைலாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். எடிட்டருக்கு அது மிகச் சிறிய வேலை. வருடங்கள் கழித்து வீட்டில் எல்லோரும் கேட்கப்போவது அந்த ஃபைலைத்தான்.

பின்னணிப் பாட்டுக்கு உரிமம் உண்டா என்பது முக்கியம். யூடியூப் 2007-இலேயே உரிமையுள்ள பாடல்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டது. பிரபலமான பாட்டைப் போட்டால் வீடியோ முடக்கப்படலாம், சத்தம் மட்டும் நீக்கப்படலாம். உங்களுக்கு அந்தப் பாட்டுதான் வேண்டும் என்றால் வீட்டில் பார்க்க ஒன்று, பகிர்வதற்கு உரிமம் பெற்ற இசையோடு ஒன்று என்று இரண்டு பிரதி கேளுங்கள். அவர் தன் பக்கத்தில் உங்கள் வீடியோவைப் போடலாமா என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மணமக்கள் இருவர் மட்டுமல்ல, அதில் குழந்தைகள் இருக்கிறார்கள், அழுத முகங்கள் இருக்கின்றன. வேண்டாம் என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நல்லவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ரா ஃபுட்டேஜ், அதாவது எடிட் செய்யாமல் எடுத்தபடியே இருக்கும் முழுப் பதிவு, தருவாரா என்றும் கேளுங்கள். சிலர் தருவதில்லை, சிலர் தனிக் கட்டணம் கேட்பார்கள். இரண்டும் அவர்கள் உரிமை, ஆனால் முன்பே தெரிய வேண்டும். என் கருத்து, வாய்ப்பு இருந்தால் வாங்கிவையுங்கள். அதில்தான் வெட்டப்பட்ட பாட்டிகள் இருக்கிறார்கள். யாரும் கவனிக்காத ஓரத்தில், கையைப் பிடித்துக்கொண்டு பேத்தியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஹைலைட்டில் அதற்கு இரண்டு நொடிகூடக் கிடைக்காது.

இவ்வளவும் நீங்கள் அவரிடம் கேட்பவை. நீங்கள் அவருக்குச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. யாருடைய குரல் உங்களுக்கு வேண்டும்? ஐந்தாறு பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு ஃபோட்டோவும் வைத்து அனுப்புங்கள். வீட்டில் எல்லோரையும் தெரிந்த ஒருவரை, தம்பியோ தங்கையோ, அன்று அவரோடு நிறுத்துங்கள். "இவங்கதான் பெரியம்மா, ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்று காட்ட ஆள் இருந்தால் அந்தக் குரல் நிச்சயமாக டிஸ்க்கில் வந்துவிடும். வீடியோகிராபருக்கு உங்கள் பெரியம்மா கூட்டத்தில் ஒரு முகம்தான்.

கடைசித் தவணைப் பணம் எல்லா ஃபைல்களும் கைக்கு வந்தபின் என்று பேசிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் வந்தால் அது எஃப்ஏடி32 என்ற பழைய ஃபைல் சேமிப்பு முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் நிற்காது, வீடியோவைத் துண்டு துண்டாக்கித்தான் தருவார்கள். வீடியோவைச் சுருக்கும் புதிய முறையான எச்.265-இல் இருந்தால் பழைய டிவியில் ஓடாமல் போகலாம், அதற்கு முந்தைய எச்.264-இலும் ஒரு பிரதி கேளுங்கள். பிறகு ஒரு நாள் மாலை உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலையும் திறந்து தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் சத்தத்தோடு ஓட்டிப் பாருங்கள். வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ வையுங்கள். அதன்பிறகு போன் செய்து, "எல்லாம் சரியா இருக்கு, இனி நீங்க அழிச்சுக்கலாம்" என்று சொல்லுங்கள்.